அக்கரையில் சுழலும் துண்டு

தாமிரபரணி மணலில் கோயில் கொடைப் பந்தல். சவுக்குக் கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது. சத்தம் அக்கரை ஆஸ்பத்திரியை எட்டாது என்று வாக்குக் கொடுத்துத்தான் அம்பாசமுத்திரத்து நாசர் ரேடியோ செட் கட்டியிருக்கிறார். எட்டினால் துண்டைச் சுழற்றச் சொல்லி, கூட்டாளி முப்பிடாதியை அங்கே நிறுத்தியிருக்கிறார். சிவப்புத் துண்டு சுழல்கிறது. நாசர் வால்யூமைக் குறைக்கிறார். கணுக்கால் தண்ணீரில் பிள்ளைகள் அளைந்துகொண்டிருக்கிறார்கள். மேற்கே மலை மேகம் மூடிக் கறுத்துக் கிடக்கிறது. துண்டு இன்னும் வேகமாகச் சுழல்கிறது. மறுபடியும் குறைக்கிறார். “என்னவே, பந்தலுக்கே கேக்காது போலிருக்கே!” என்று கொடை நடத்தும் அண்ணாச்சி முகம் சுளிக்கிறார். “அங்கன இன்னும் கேக்குதாம் அண்ணாச்சி. சுத்துதான், பாருங்க.” காற்று எதிர்த்து அடிக்கும்போது சத்தம் எப்படி ஆற்றைத் தாண்டும்? நாசருக்குப் பிடிபடவில்லை. முப்பிடாதி இப்போது துண்டோடு குதிக்கிறான். எரிச்சலில் நாசர் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிடுகிறார். பாட்டு பாதியில் அறுகிறது. துண்டு நிற்கவில்லை. மேற்கே, ஆற்று வளைவுக்கு அப்பால், அவர் ஸ்பீக்கர் கட்டாத திசையிலிருந்து ஓர் இரைச்சல் நெருங்கி வருகிறது. கணுக்காலில் கிடந்த தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கி, பிள்ளைகளின் முழங்காலுக்கு ஏறியிருக்கிறது.