ஒரு பிடி ஆண்டவருக்கு

நாற்பது மணி நேரமாகத் தன் பிள்ளைகள் வயிற்றில் ஒரு பருக்கை விழவில்லை. அந்த நினைப்போடு சாலோமி ஜெபகனியின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே அடுப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் ஜெபகனியின் மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

சாலோமி அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைப்பது சபைப் பெண்களின் வழக்கம். வாராவாரம் அதை வாங்கிக் கோயிலில் சேர்ப்பது அவள் பொறுப்பு.

"வாங்க உபதேசியாரம்மா. சனிக்கிழமைதானே வருவீங்க? இன்னைக்கு வெள்ளியாச்சே!"

"நாளைக்கு ஒரு சோலி இருக்கு அக்கா."

"கலயத்துல கொஞ்சந்தான் கிடக்கு, குறை நினைக்காதீங்க. சண்டை வந்து நாலு வருசமாச்சு. ரங்கூன் பிடிபட்டதுலேர்ந்து அந்த அரிசியக் கண்ணால காணல. இங்கன விளைஞ்சதெல்லாம் பாளையங்கோட்டைக் கிட்டங்கியில பூட்டிக் கிடக்கு. காலையில புளியங்கொட்டையை இடிச்சுக் கஞ்சி. பொழுது சாஞ்சாத்தான் உலை. விளக்கு ஜெபத்துக்கு மட்டும், சாப்பாடு இருட்டுலதான்."

ஜெபகனி சிரித்தாள். "இருட்டுல குடிச்சா, கஞ்சியில அரிசி கிடக்கா இல்லையான்னு தெரியாது பாருங்க."

பக்கத்து வீட்டு உலகம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏளா ஜெபகனி, பெத்த பிள்ளை காஞ்சு கிடக்கு, நீ சாமிக்குப் படியளக்கியாக்கும்? எங்க சொடலைச் சாமிக்கு இந்த வருசம் கொடை விழா கிடையாதுன்னு சொல்லியாச்சு. அவரு பேசாமத்தான் இருக்காரு."

"நீ சும்மா கிட, உலகு."

மகள் கண்ணைத் திறந்தாள். "எம்மா, அந்த அரிசியப் பொங்கித் தாம்மா."

ஜெபகனி காதில் வாங்காதவள் போலக் கலயத்தை எடுத்துவந்தாள். அடியில் இரண்டு உழக்கு அரிசி இருந்தது.

"அக்கா, பிள்ளைக்கு வேணும்னா..." என்று தொடங்கிய சாலோமி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம்மா. இதுல கைவைக்க மனசு வரல. இதையும் விட்டுட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு? நீங்க மாசச் சம்பளக்காரங்க. ஒங்களுக்கு எங்க பாடு தெரியாது."

சாலோமி ஓலைப்பெட்டியை நீட்டினாள்.

ஜெபகனி கலயத்தைப் பின்னால் இழுத்தாள். "ஜெபம் பண்ணாமலா வாங்கப் போறீங்க? நல்லாயிருக்கே!"

கலயத்தைத் தரையில் வைத்து, முந்தானையால் தலையை மூடி, முழங்காலிட்டாள். மகளையும் எழுப்பிப் பக்கத்தில் நிறுத்தினாள். வேலிக்கு அப்பால் உலகம்மாளும் வாயை மூடிக்கொண்டாள்.

சாலோமி முழங்காலிட்டாள். "ஆண்டவரே, உமது பிள்ளைகள் கொண்டுவந்த இந்தக் காணிக்கையை..."

அடுத்த சொல் 'ஏற்றுக்கொள்ளும்.' பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவரும் சொல். அது வெளியே வரவில்லை.

ஜெபகனி கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். மகள் ஒரு கண்ணைத் திறந்து அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஆமென் சொல்லத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

"அக்கா, எங்க வீட்டு அவுகளுக்குச் சம்பளம் வந்து நாலு மாசமாச்சு."

ஜெபகனி கண் விழித்தாள். "அதுக்கும் ஜெபத்துக்கும் என்னம்மா?"

சாலோமி காலிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னைக்கு இந்த அரிசிய வாங்க வந்தது கோயிலுக்கு இல்ல அக்கா. எம் பிள்ளைகளுக்கு."