114-ஆம் சீட்

“என் சீட்டைக் காணோம்!”

ரிட்டயர்டு பஸ் டிரைவர் போட்ட சத்தத்தில், கீழே மைதானத்தில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கத்தாமல் என்ன செய்வார்? கால்பந்து கிளப், ஊருக்கு வெளியே கட்டிய புது ஸ்டேடியத்துக்குக் குடிபோய்விட்டது. பழசை நாளைக் காலை இடிக்கிறார்கள். அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றனவாம். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் வந்தால், அவரவர் சீட்டை ஞாபகத்துக்குக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மருமகனின் வண்டி நாலு மணிக்குத்தான் கிடைத்தது. அடித்துப் பிடித்து வந்து பார்த்தால், 114 இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் பல்லை இளித்தன. பக்கத்தில் 113 மட்டும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது.

உண்மையைச் சொன்னால் அவர் சீட்டுக்காக வரவில்லை. மனைவியிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்தார், அவ்வளவுதான். அவர் வந்தது 113-க்காக.

113 என்பது ஒரு ஆள். பத்தொன்பது வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஒரே ஃபிளாஸ்க் காபியைப் பங்கு போட்டுக் குடித்தவர். இவர் அவரை ‘சார்’ என்பார், அவர் இவரை ‘டிரைவரே’ என்பார். பெயர் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

கடைசி மேட்சில், அது பெனால்ட்டியா இல்லையா என்று ஆரம்பித்த பேச்சு முற்றிப்போய், “இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர் டிரைவர்தான். ஆறு வாரமாகச் சரியான தூக்கமில்லை. புது ஸ்டேடியத்தில் சீட்டெல்லாம் குலுக்கல் முறையில் தருகிறார்கள். முப்பதாயிரம் தலைகளுக்கு நடுவே, பெயர் தெரியாத மனுஷனை எங்கே போய்த் தேடுவது? கிளப் ஆபீஸில் கேட்டதற்கு, மெம்பர் விவரமெல்லாம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

நோட்டும் கையுமாக சூப்பர்வைசர் வந்தார்.

“என்ன சார், என்ன ஆச்சு?”

“114 எங்கேங்க? இதோ பாருங்க, என் டிக்கெட்.”

சூப்பர்வைசர் நோட்டில் விரலை ஓட்டினார். முகம் ஒரு மாதிரி ஆனது.

“மதியமே போயிடுச்சு போலிருக்கே.”

“யாரு எடுத்தது?”

“அது வந்து…” மென்று விழுங்கினார். “113 டிக்கெட்காரர் சார்.”

டிரைவர் பேச்சில் இருந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

“பழி வாங்கிட்டான்! ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்கு இப்படியா வஞ்சம் தீர்த்துக்குவான்? தன் சீட்டை விட்டுட்டு என்னோடதைத் திருடிட்டுப் போயிருக்கான் பாருங்க!”

“வேணும்னா அந்த 113-ஐ எடுத்துக்கோங்க சார். ரெண்டும் ஒண்ணுதானே.”

“திருட்டுப் பயலோட சீட் எனக்கெதுக்கு? உடைச்சு லாரியில போடுங்க. என் கண்ணு முன்னாடியே உடைங்க!”

மணி நாலே முக்கால். திட்டித் தீர்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வந்துவிட்டுப் போனவன் இனி திரும்பி வரப்போவதில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர், கேட்க ஆளில்லாமல் நின்றார். அழுகை வரும்போல இருந்ததை இருமி மறைத்தார்.

“ஃபிட்டர்! மேலே வாப்பா. 113-ஐ உடைச்சிடலாமாம்” என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்.

நரைத்த மீசைக்கார ஃபிட்டர் ஸ்பேனரோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“உடைக்கிறதா? யாரு சொன்னது?” என்றவர், டிரைவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். “நீங்க 114-ஆ சார்?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“அட, இதை வந்தவுடனே சொல்லக் கூடாதா! உங்களுக்காக அந்த மனுஷன் காலையில எட்டு மணியிலேர்ந்து இங்கேயே உட்கார்ந்திருந்தார். யாரு படியேறி வந்தாலும் எழுந்து எழுந்து பார்த்தார். மக ஊருக்கே போய் இருக்கப் போறாராம். ரயிலுக்கு நேரமாச்சுன்னு அந்தப் பொண்ணு வந்து கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கூட்டிட்டுப் போச்சு. என்னோட சீட்டை அவருக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லி இதையும் குடுத்தார்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பெயரும் போன் நம்பரும் இருந்தன. டிரைவர் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார்.

“அப்போ என் சீட்டை எதுக்குய்யா எடுத்தார்?” என்றார்.

“நானும் அதைத்தான் சார் கேட்டேன். உங்க நம்பர் 113, அதைத்தான் கழட்டித் தருவோம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கவே இல்லை. ‘என் சீட்டை நான் எங்கேப்பா பார்த்தேன்? அது மேலதானே உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷமா ஒவ்வொரு கோலுக்கும் நான் திரும்பிப் பார்த்தது இந்த 114-ஐத்தான்’னு சொல்லிட்டார்.”