ஓவனுக்குள் போன இரண்டு உருண்டைகள்

கிறிஸ்துமஸுக்காக கிளாடிஸ், சாக்லேட் துண்டுகள் கலந்த பிஸ்கட் மாவை உருட்டித் தட்டில் இடைவெளி விட்டு வைத்தாள். ஓவனின் சிவந்த வாயைப் பார்த்ததும் ஓரத்தில் இருந்த சின்ன உருண்டை பயந்துபோனது.

"தனியா உள்ள போக மாட்டேன். உன் பக்கத்துல வந்துடட்டுமா?" என்று பெரிய உருண்டையிடம் கேட்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, வா" என்றது பெரியது.

சின்னது மெல்ல உருண்டு போய் அதோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே அனல் அடித்தபோது இரண்டும் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டன.

வெளியே வந்தபோது மற்றவை வட்ட வட்டமாகப் பொன்னிறத்தில் இருந்தன. இவை இரண்டும் ஒரே பிஸ்கட்டாகியிருந்தன.

"இது ஒட்டிக்கிச்சே" என்று கிளாடிஸ் கத்தியை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் போயேன்" என்று சின்னது கெஞ்சியது.

"எதுவரைக்கும் நான், எங்கேருந்து நீன்னே தெரியலையே" என்றது பெரியது.

கத்தி இறங்கியது.