முதல் கப்

“முதல் கப் உனக்கு” என்று கணவர் காபியை நீட்டினார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவை கூடக் கேட்காத வார்த்தை. இப்போது இரண்டு மாதமாகத் தினமும் கேட்கிறாள்.

கப்பை வாங்கிக்கொண்டு போனில் விட்ட பேச்சைத் தொடர்ந்தாள். மறுமுனையில் அவளுடைய அக்கா.

“கேட்டியாக்கா? இன்னைக்கும் எனக்குத்தான் முதல்ல.”

“ஒரு காபிக்கு இவ்வளவு பூரிப்பா? இங்க மாடி ரூமைக் கேட்டு ஒருத்தி வந்து நிக்கிறா. உனக்காகத்தான் ரெண்டு மாசமா பூட்டி வெச்சிருக்கேன். வர்றியா, இல்லையா? இப்பவே சொல்லு.”

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். அந்த மாடி அறைக்குக் குடிபோய், சட்டைகளுக்குக் காஜா எடுத்தாவது சொந்தக் காலில் நிற்பது என்று முடிவுசெய்து, பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்தவள்தான் இவள்.

வீட்டில் அடி கிடையாது, உதை கிடையாது. ஆனால் அவள் பங்குக்கு வருவதெல்லாம் மிச்சம்தான். ரொட்டியில் காய்ந்த ஓரம், பழத்தில் அழுகலை வெட்டியெறிந்த பாதி, அவர் படித்துக் கசக்கிய பேப்பர். கிடங்கு அதிகாரி அல்லவா, அவர் வீட்டில் எதுவும் வீணாகாது. டூத்பேஸ்ட் தீர்ந்தால் ட்யூபை நீளவாக்கில் வெட்டி வழித்தெடுப்பார்.

அவள் கிளம்ப இருந்த அந்த வாரம்தான் காபி மெஷின் வந்தது, உள்ளேயே கொட்டை அரைக்கிற ரகம். வாங்குவதற்கு முன் கணவர் ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தார். இவளைப் பெண் பார்க்க வந்தபோது கூட இவ்வளவு விசாரித்ததில்லை. நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் குறை என்று எழுதி, சாப்பாட்டு மேஜையில் அவளுக்குப் படித்தும் காட்டினார்.

“கொட்டையைப் போட்டா அதுவே அரைச்சு, அதுவே காபியும் இறக்கிடும். வாசனை எங்கேயும் போகாது. அரைக்கறதுக்குன்னு தனி மெஷின் வேண்டாம், மேடையில இடம் மிச்சம். குறைன்னு பாத்தா, சத்தம் காதைக் கிழிக்கும். அரைக்கிற பாகம் படுத்துச்சுன்னா மொத்த மெஷினும் சேர்ந்து படுத்துக்கும். இன்னொரு குறையும் இருக்கு. பரவாயில்ல, அதுக்கு வழி இருக்கு.”

மெஷின் வந்த மறுநாள் காலையில் முதல் கப் அவள் கைக்கு வந்தது. அவள் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அன்று மாலையே பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டாள்.

காபியில் லேசாக ஒரு காறல் இருக்கத்தான் செய்தது. புதுக் கொட்டைக்குத் தன் நாக்கு இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“அவரா மாறினாரு? நம்பற மாதிரி ஏதாவது சொல்லு” என்றாள் அக்கா.

“போன மாசம் உன் வீட்டுல ரெண்டு நாள் தங்கினேன்ல? திரும்பி வந்து பாத்தா சிங்க்ல காபிக் கறை. நான் இல்லாதப்பவும் பழக்கத்துல எனக்கு முதல் கப் எடுத்து வெச்சிருக்காருக்கா. குடிக்க ஆளில்லாம கொட்டியிருக்காரு. பொட்டு சோப்பு வீணானாலும் பொறுக்காத மனுஷன்!”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நல்லா யோசிச்சுக்கோ. வந்திருக்கிறவளுக்கு மூணு பிள்ளைங்க. உள்ள விட்டுட்டா அப்புறம் கிளப்ப எனக்கு மனசு வராது. நாளைக்கு நீ அழுதுட்டு வந்து நின்னா இங்க இடமில்ல.”

“வர மாட்டேன். சாவியைக் கொடுத்துடுக்கா.”

மறுமுனையில் சாவிக்கொத்து கைமாறும் சத்தம் கேட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

போனை வைத்ததும் வாசல் மணி அடித்தது. மெஷினை விற்ற கடையிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். வாங்கிய அன்று மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான். இது முதல் இலவச சர்வீஸ். சமையலறைக்கு வந்து மேல் மூடியைக் கழற்றி, சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுரண்டினார். விரித்த காகிதத்தில் கறுப்பாகப் பொடி உதிர்ந்தது.

“பாருங்க மேடம், எண்ணெய் கசிஞ்சு காறிப்போன பொடி. உள்ளேயே அரைக்கிற மெஷின்ல இது ஒரு தொல்லை. ஒவ்வொரு தடவையும் அரைச்சதுல கொஞ்சம் வழியிலேயே தங்கிடும். மறுநாள் காலையில முதல் கப்புலதான் அது வந்து விழும்.”

பாதி கப் காபி இன்னும் அவள் கையில் இருந்தது. உதட்டுக்குப் போனது பாதியில் நின்றது.

மெக்கானிக் பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டே, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் குரல் கொடுத்தார்.

“சார், மாட்ட வந்த அன்னைக்கே சொன்னேனே, தினமும் முதல் கப்பைக் கொட்டிடுங்கன்னு. கொட்டறீங்கல்ல?”

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எதுக்கு வீணாக்கணும்? அதான் இவ இருக்காளே.”