கைவிடாதவர்

“பயப்படாத சீலி! நீ தனியா இல்ல. மழையில உன்னைக் கைவிட்டாரா? இல்ல. அறுப்புப் பண்டிகைச் சமயத்துல கைவிட்டாரா? இல்ல. லெந்து நாள்ல? அப்பவும் இல்ல! அன்னைக்குக் காத்தவரு இன்னைக்கும் காப்பாரு!”

பீரோ கண்ணாடியைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி ஜெயசீலி போட்ட சத்தத்தில், ஹாலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் ஞானசிகாமணி பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏட்டி, யாரைப் போட்டு இந்தத் திட்டு திட்டுத?”

“திட்டலைங்க. எனக்கு நானே தைரியம் சொல்லிக்கிடுதேன். பாஸ்டரம்மா பெண்கள் கூட்டத்துல சொல்லிக்குடுத்தாங்க. மனசு பயந்துச்சுன்னா அது புலம்புறதைக் கேட்டுக்கிட்டு உக்காரக் கூடாதாம். நாமதான் அதுகிட்ட பேசணுமாம். ஆண்டவர் முன்னால செஞ்ச நன்மையை ஒண்ணொண்ணா வாய்விட்டுச் சொன்னா விசுவாசம் தன்னால வளருமாம்.”

“டிரைவிங் டெஸ்ட்டு எனக்கு. உனக்கு எதுக்குட்டி பயம்?”

“உங்களுக்கு டெஸ்ட்டுன்னா எனக்கும்தான டெஸ்ட்டு?”

ஞானசிகாமணி பெருமையோடு பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள்!

அவர் வேலை பார்ப்பது மராட்டி ஊரான சிஞ்ச்வட்டில், காருக்கு கியர் செய்கிற ஃபேக்டரியில். நாள் முழுக்க கியர் செய்கிற மனிதருக்கு கியர் போட மட்டும் வரவில்லை. என்ன செய்ய, சிலருக்கு அப்படி ஒரு ராசி! முன்பு போன ஒரு டெஸ்ட்டில் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டார். இன்னொன்றில் ரிவர்ஸ் எடுத்து, பின்னால் வைத்திருந்த டிரம்மை உருட்டிவிட்டார். ‘நிறுத்துங்க’ என்று இன்ஸ்பெக்டர் கத்தியபோது ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் உண்டு. சொல்லிக்கொடுக்கும் கதம் மாஸ்டர் மராட்டிக்காரர். இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கணபதியையும் கூப்பிடுவார், இருக்கட்டும் என்று இயேசுவையும் கூப்பிடுவார்.

ஆனாலும் ஞானசிகாமணி நேர்மையான ஆள், சபைக் கமிட்டியில் வேறு இருக்கிறார். ஆசை ஆசையாக வாங்கிய பழைய வெள்ளை மாருதி, குடியிருக்கிற சொசைட்டி வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. லைசன்ஸ் வராமல் அதைத் தொடுவதில்லை என்று பிடிவாதம். வந்த அன்றே ஜெயசீலியைப் பக்கத்தில் உட்கார வைத்து, புதுசாகத் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் லோனாவாலா மலை வரை ஒரே மிதி என்று சபதம்.

“இதான் கடைசி சீலி. இன்னைக்கும் ஃபெயிலுன்னா காரை வித்துருதேன். மானம் போவுது.”

ஜெயசீலி கண்ணை மூடிக் கையைக் குவித்தாள். “நம்ம வீட்டுக்கு எது நல்லதோ அதை ஆண்டவர் செய்வாரு.”

“அது சரி, அது என்ன மழை, அறுப்பு, லெந்துன்னு கணக்கு?”

“அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். நீங்க கிளம்புங்க.”

கீழே ஹாரன் சத்தம். “சிகாமணி சாப், சலா!” என்று கிளம்பச் சொல்லிக் கதம் மாஸ்டர் குரல் கொடுத்தார். பாவம், அந்தக் குரலிலேயே நடுக்கம் இருந்தது.

அவர் போனதும் ஜெயசீலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுக் கண்ணாடியிடம் ஓடினாள். கண்ணாடியிடம் பேசிவிட்டு அடுப்புக்கு ஓடினாள். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

மத்தியானம் படிக்கட்டில் திடுதிடுவென்று ஷூ சத்தம். ஒரு கையில் லைசன்ஸும் மறு கையில் பேடா டப்பாவுமாக ஞானசிகாமணி உள்ளே பாய்ந்தார்.

“பாஸாயிட்டேன் சீலி! பாஸாயிட்டேன்!”

ஜெயசீலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“அழாதட்டி! கேளு. வண்டியை எடுக்கும்போது கால் வெடவெடன்னு ஆடுச்சு. அப்பதான் நீ காலையில கண்ணாடி முன்னால நின்னது ஞாபகம் வந்துச்சு. ‘பயப்படாத சிகாமணி, நீ தனியா இல்ல’ன்னு சத்தமாவே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். அன்னைக்குத் தண்ணி லாரில மோதாம காத்தாரு, போபோடி ரயில்வே கேட்டுல மாட்டாம காத்தாருன்னு ஒண்ணொண்ணா சொல்லச் சொல்லக் காலு நின்னுபோச்சு. கிளட்ச்சும் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. இறங்கும்போது இன்ஸ்பெக்டரே ‘சாபாஷ்’னு கையைக் குடுத்தாரு. எல்லாம் உன்னாலதாம்ட்டி!”

“என்னாலயா?”

“பின்ன! நீ அவ்வளவு சத்தமா சொல்லலைன்னா எனக்கு எங்க தோணியிருக்கும்? சரி, சீக்கிரம் கிளம்பு. வாட்ச்மேன் கார் தார்ப்பாயை எடுத்துட்டு மாலையே போட்டுட்டான். லோனாவாலா போறோம்!”

“ரெண்டு நிமிஷம்... சேலை மாத்திட்டு வாறேன்.”

பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஜெயசீலி பீரோ கண்ணாடி முன் நின்றாள். இந்தத் தடவை விரலை ஆட்டவில்லை. வெளியே கேட்டுவிடாதபடி மெல்ல முணுமுணுத்தாள்.

“பயப்படாத சீலி. மழையில ஒருக்கா, அறுப்புப் பண்டிகைக்கு ஒருக்கா, லெந்துல ஒருக்கான்னு, நீ கேட்டுக்கிட்ட மாதிரியே இவரை ஃபெயிலாக்கி உன்னைக் காத்தவரு, இனிமே இவரு பக்கத்துல உக்காந்தாலும் காப்பாரு!”