மூன்றாம் பக்கத்து வரி

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

மாஜிஸ்திரேட் கேட்டதும் உண்ணாமலை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே இருந்த ஏழு மாதமே தண்டனையாகக் கழிந்துவிடும், இன்று சாயங்காலமே சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று இலவச சட்ட உதவி வக்கீல் இளவரசன் காலையில்தான் சொல்லியிருந்தார்.

பௌர்ணமிக் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாவின் செயின் போனது. உண்ணாமலை கிரிவலப் பாதையில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தாள். செயின் அவளிடம் கிடைக்கவில்லை. சாதியைக் கேட்டார்கள். ஜீப்பில் ஏற்றினார்கள்.

சிறைக்குள் போகும்போது அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். சனிக்கிழமைதோறும் வினோதினி டீச்சர் வந்து பெண் கைதிகளுக்கு வகுப்பெடுப்பார். வெள்ளைக்காரன் நம்மை எப்படி ஆண்டான், போகும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனான் என்பதுதான் பாடம். சில சாதிகளில் பிறந்த கைக்குழந்தையைக்கூடத் திருடன் என்று சொன்ன சட்டத்தைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

மறுநாள் உண்ணாமலை தன் குற்றப்பத்திரிகையை எடுத்து, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள்.

"இல்லீங்க, நான் எடுக்கல." மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாள். "இன்னொண்ணும் சொல்லணுங்க. மூணாம் பக்கத்துல, பரம்பரையா திருடுற கூட்டம்னு எங்கள எழுதியிருக்காங்க. அது 1871-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துப் பேச்சுங்க. அந்தச் சட்டத்த ரத்து பண்ணி எழுவது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சி. இந்தப் பேப்பர்ல எப்பிடிங்க வந்துச்சி?"

இளவரசன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க," என்றார் அரசு வக்கீலிடம்.

அரசு வக்கீல் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருக்க, மாஜிஸ்திரேட் உத்தரவு சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வரியை இந்த நீதிமன்றம் ஏற்காது. எழுதிய அதிகாரி நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். வழக்கு முடியும்வரை உண்ணாமலை சொந்த ஜாமீனில் வெளியே இருக்கலாம். உத்தரவு டைப் ஆகும் சத்தத்தை அவள் நிமிர்ந்து நின்று கேட்டாள்.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விடுதலை. அதுவரை காவல் உண்டு. வேலூர் சிறைக்குத் திரும்பும் போலீஸ் வேனில் எதிர் சீட்டில் அருணாதேவி உட்கார்ந்தாள். ஏழு மாதமாக "ஏய், ஏறு", "ஏய், எறங்கு" என்பதைத் தவிர வேறு பேசாத போலீஸ்காரி.

வேங்கிக்கால் தாண்டி வேன் வேலூர் ரோட்டில் வேகம் எடுத்தது. அருணாதேவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எந்த வருஷம்னு சொன்னீங்கக்கா?"

"1871."

பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டாள். டிரைவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கப்பாவ இட்டுக்கினு போனப்பவும் இதையேதான் எழுதனாங்க. நானும் நம்ம ஆளுதான்க்கா. ஸ்டேஷன்ல யாருக்கும் தெரியாது."

உண்ணாமலை நகர்ந்து சீட்டில் இடம் விட்டாள்.

"இப்பிடி வந்து உக்காரு. மொதல்லேர்ந்து சொல்றேன்."