வானத்துக்கு ஒரு ரைம்

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து கணவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மனைவி ஒரு ஜப்பானியப் பாட்டை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கிறாள். பதில் வராதென்று தெரிந்தும் அவள் வாய் ஓயவில்லை. "ஏங்க, ஜப்பான் பாஷையில சோரான்னா வானமாம். இந்தச் சொல்லை அப்படியே வெச்சுக்கிட்டேன், இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு ரைம் வேணும். ஃபெடோரா? வானத்துக்குத் தொப்பி மாட்டின மாதிரி இருக்கும். ஃப்ளோரா? சோப்புப் பேரு மாதிரியில்ல இருக்கு!" ஆறிப்போன காப்பியில் ஆடை படர்கிறது. அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. உதடு ஒருபக்கமாய்க் கோணுகிறது. "அ... ரோ... ரா." விடியலுக்கான ஆங்கிலச் சொல். அவள் மடியிலிருந்து பென்சில் உருண்டு விழுகிறது, அவள் குனியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, "சோரா?" என்று மறுபடியும் கேட்கிறாள். "அரோரா," என்கிறார், சன்னலை விட்டு அவள் முகத்தைப் பார்த்து.